அப்பாவின் மருந்து டிராயருக்குத் துணிப்பெட்டி: சுவர் நிற்கவே மாட்டேன் என்கிறது

நூல்கண்டு (ஸ்ரீரங்கம்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பிளவுஸ், நைட்டி, தலையணை உறை எல்லாம் பத்து வருடமாகத் தைக்கிறேன். பை, பெட்டி என்று எதுவும் தைத்ததில்லை. மூன்று முறை முயன்று மூன்றும் சரியாக வராததால் இங்கே வந்திருக்கிறேன்.

அப்பாவுக்கு 74 வயது. கண் நீர் அழுத்தத்தால் பக்கவாட்டுப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. நேர் எதிரே இருப்பது மட்டும் ஒரு குழாய் வழியே பார்ப்பதுபோல் தெரிகிறது. ஆனால் தன் மாத்திரையைத் தானேதான் எடுத்துக்கொள்வார். "நான் எடுத்துத் தரேன்ப்பா" என்று ஒருநாள் சொன்னதற்கு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அதனால் அவர் கை வைத்ததும் கிடைக்கும்படி டிராயரை அமைத்துக் கொடுக்க வேண்டும். எனக்கு இருக்கும் வேலை அது ஒன்றுதான்.

கட்டிலை ஒட்டித் தாத்தா காலத்துத் தேக்கு மேசை இருக்கிறது. மேல் டிராயரில்தான் மருந்து. உள்ளளவு 16 இன்ச் அகலம், 13 இன்ச் நீளம், உயரம் நான்கரை. காலை, மதியம், இரவு என்று மூன்று பெட்டி வேண்டும். பிளாஸ்டிக் தட்டு வாங்கி வைத்துப் பார்த்தோம். டிராயரை இழுக்கும்போதெல்லாம் அது வழுக்கிப் பின்னால் போய்விடும், இல்லையென்றால் கடகடவென்று சத்தம். இரவு ஒன்பதரைக்கு அவர் கண் சொட்டு மருந்து எடுக்கும்போது அம்மா தூங்கியிருப்பார். சத்தம் கேட்டு எழுந்துவிடக் கூடாது என்று அப்பா டிராயரையே திறக்காமல் சொட்டு மருந்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். அப்போதுதான் துணியில் தைக்கலாம் என்று தோன்றியது.

முதல் பெட்டி, பாப்ளின் துணிக்குள் சட்டைப் பெட்டி அட்டையை வெட்டி வைத்துத் தைத்தது. பார்க்க நன்றாகவே இருந்தது. பத்தாவது நாள் இருமல் சிரப் கவிழ்ந்து, அட்டை ஊறி உப்பி, எறும்பும் வந்துவிட்டது. துவைக்கவும் வழியில்லை. இரண்டாவது, அட்டையே வேண்டாமென்று பாப்ளினை இரட்டையாக வைத்தது. சுவர் நான்கும் உள்ளே சரிந்து மாத்திரை அட்டைகளின் மேல் போர்வை போல விழுந்துவிடுகிறது. அப்பா கையை விட்டால் துணிதான் தட்டுப்படுகிறது. மூன்றாவது, சோபா உறைத் துணி. அது நிற்கும்போலத்தான் தெரிந்தது, ஆனால் மூலைக்கு வந்ததும் தையல் விட்டுவிட்டு விழுந்தது. இரண்டு ஊசி ஒடிந்தது. அதற்குமேல் தொடவில்லை.

அம்மாவின் பழைய கால் மெஷின்தான். எண்ணெய் போட்டு நன்றாகத்தான் ஓடுகிறது. துவைக்கக்கூடியதாக, சுவர் நிற்பதாக ஒரு பெட்டிக்கு என்ன துணி எடுப்பது? மூலையை எப்படித் தைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காவிரிக்கரை (பவானி) பதில்:

நூல்கண்டு, முதலில் மெஷினைக் குறை சொல்லாதீர்கள், அது நல்ல மெஷின். குறை ஊசியில் இருக்கிறது. பிளவுஸ் தைக்கிற 14 நம்பர் ஊசியோடுதான் சோபா துணியில் இறங்கியிருப்பீர்கள். மெல்லிய ஊசி தடித்த துணிக்குள் போகும்போது வளையும். வளைந்தால் கீழே கொக்கிக்கு மேல்நூல் அகப்படாது, அதைத்தான் தையல் விடுகிறது என்கிறோம். இன்னும் கொஞ்சம் வளைந்தால் தகட்டில் இடித்து ஒடியும். 18 நம்பர் ஊசி போடுங்கள். நூல் பாலியஸ்டர் நூலாக இருக்கட்டும். தையலைக் கொஞ்சம் பெரிதாக வையுங்கள், இன்ச்சுக்கு எட்டு வந்தால் போதும். துணியைப் பின்னாலிருந்து இழுத்துவிடாதீர்கள். இழுத்தாலும் ஊசி வளையும்.

நான் 22 வருடமாகத் தைக்கிறேன், ஊர் பவானி. எங்கள் ஊர் என்றாலே ஜமுக்காளம். 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உங்கள் பெட்டிக்கு அதைவிட நல்ல துணி எனக்குத் தோன்றவில்லை. அட்டை வேண்டாம், கேன்வாஸ் வேண்டாம், தானாக நிற்கும். புதிது வாங்கி வெட்டாதீர்கள், மனசு வராது. எந்த வீட்டிலும் பரண் மேல் நடுவில் நைந்துபோன ஜமுக்காளம் ஒன்று கிடக்கும். அதன் ஓரங்கள் புதுசு மாதிரியே இருக்கும், யாரும் உட்காராத இடம் அல்லவா? அந்த ஓரத்தை எடுங்கள். தைக்கும் முன் தனியாக ஊறவைத்து இரண்டு முறை அலசிவிடுங்கள். சிவப்பும் பச்சையும் முதல் தண்ணீரில் சாயம் விடும். சுருங்குவதும் அப்போதே சுருங்கிவிடட்டும்.

இப்போது அளவு. 16 இன்ச் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே அளந்தீர்கள், முன்னாலா பின்னாலா? பழைய மர டிராயர் நான்கு பக்கமும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம். முன்னால், நடுவில், பின்னால் மூன்று இடத்தில் டேப் வையுங்கள். எது குறைவோ அதுதான் உங்கள் அளவு. உயரத்துக்கு டிராயரின் உள்ளே மட்டும் அளந்தால் போதாது. மூடும்போது மேலே மேசையின் குறுக்குச்சட்டம் எங்கே இடிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பின்னால் 15¾ இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பெட்டிக்குக் கால் இன்ச் விட்டுவிடுங்கள். மருந்து உள்ளே போனதும் சுவர் கொஞ்சம் வெளியே தள்ளும், அதற்கு இடம் வேண்டும். மீதி 15, ஆளுக்கு 5 இன்ச் அகலம். நீளம் 12, உயரம் மூன்றரை.

தைத்து முடித்தபின் 12க்கு 5, உயரம் மூன்றரை வர வேண்டும் என்றால் ஒரே துண்டாக வெட்டலாம். நீளத்தோடு இரண்டு உயரம், அதோடு தையலுக்கு ஒரு இன்ச். 12, 7, 1, ஆக 20. அகலமும் அப்படியே. 5, 7, 1, ஆக 13. இருபதுக்குப் பதின்மூன்று ஒரு துண்டு. நான்கு மூலையிலும் மூன்றரைக்கு மூன்றரை சதுரத்தை வெட்டி எடுத்துவிடுங்கள், கூட்டல் குறி மாதிரி நிற்கும். சதுரத்தின் இரண்டு வெட்டோரங்களையும் நல்ல பக்கம் உள்ளே இருக்க ஒன்றோடொன்று சேர்த்து, அரை இன்ச் விட்டு மேலிருந்து கீழே தையுங்கள். தையல் கீழே மடிப்பைத் தாண்டி வெளியே ஓட வேண்டும், அங்கே கெட்டித் தையல் போட்டு முடியுங்கள். நான்கு மூலையும் தைத்தால் பெட்டி வந்துவிடும். சதுரத்தை நாலு இன்ச்சாக வெட்டிவிடாதீர்கள். தையலுக்கு விட்ட இடம் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது. நான் முதல் பெட்டியில் செய்த தப்பு அது, அடிப்பாகம் ஒரு இன்ச் குறைந்துபோனது.

ஜமுக்காளத்தை வெட்டும் முன் ஒரு வேலை இருக்கிறது, இதை மட்டும் மறக்கக் கூடாது. சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டுக்கு உள்பக்கம் ஒட்டி இரண்டு ஓட்டம் மெஷின் தையல் ஓட்டிவிட்டுப் பிறகு கத்தரி வையுங்கள். தடித்த ஊடு நூல் அல்லவா, வெட்டியதும் ஒவ்வொன்றாக நழுவி வரும். தைக்காமல் வெட்டினால் தைத்து முடிப்பதற்குள் அரை இன்ச் ஓரம் காணாமல் போயிருக்கும்.

மூலைத் தையல் மடிப்பை இரண்டு பக்கமும் விரித்துவிட்டுச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டுங்கள். ஆமாம், சுத்தியல்தான். இஸ்திரிப் பெட்டிக்கு அது அடங்காது. தட்டித் தட்டையாக்கினால்தான் மேல்விளிம்பு தைக்கும்போது ஊசி ஒடியாமல் போகும்.

உள்ளே லைனிங் கட்டாயம் வேண்டும், ஜமுக்காளத்தின் சொரசொரப்பில் மாத்திரை அட்டை ஓரம் மாட்டிக்கொள்ளும். கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பைகள் வீட்டில் கட்டுக் கட்டாக இருக்குமே, அந்தத் துணி சரியாக இருக்கும். இருபது இன்ச் முழுசாக ஒரே பையில் வராது, நடுவில் ஒட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். அதே அளவில் வெட்டி, மூலையை மட்டும் அரை இன்ச்சுக்குப் பதில் அரையே அரைக்கால் விட்டுத் தையுங்கள். உள்பெட்டி ஒரு துளி சின்னதாகும், சுருக்கம் விழாமல் உட்காரும். தைத்தபின் மேல் ஓரத்தைச் சுற்றிக் கால் இன்ச் நறுக்கிவிட்டால் அடியில் தொளதொளக்காது.

பிறகு இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று வைத்து, மேல் ஓரங்களை அரை இன்ச் உள்ளே மடித்து, விளிம்பை ஒட்டிச் சுற்றி ஒரு தையல். நல்ல பக்கங்களைச் சேர்த்துத் தைத்து ஒரு சந்து வழியாகப் புரட்டுகிற முறை மெல்லிய துணிக்கு அழகு. ஜமுக்காளத்தைப் புரட்டினால் கசங்கி முறுக்கிக்கொள்ளும், வேண்டாம். மூலை வரும்போது காலை எடுத்துவிட்டுக் கையால் சக்கரத்தைச் சுற்றி நாலைந்து தையல் போட்டுக் கடந்துவிடுங்கள்.

வெள்ளைக்கோட் (மருந்துக்கடை) பதில்:

தையல் எனக்குத் தெரியாது. மருந்துக்கடையில் முப்பது வருடம் நின்றவன் என்பதால் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பெட்டிக்கு அடங்கவில்லை என்று மாத்திரை அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி வைக்காதீர்கள். காலாவதித் தேதி அட்டையின் ஒரு மூலையில்தான் இருக்கும், வெட்டினால் அது போய்விடும். அப்புறம் எது என்ன மாத்திரை என்று உங்களுக்கே தெரியாது. அட்டை நீளத்துக்குப் பெட்டி இருக்கட்டும். 12 இன்ச் தாராளம்.

கண் சொட்டு மருந்து, பெரும்பாலானவை திறந்து ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதுங்கள். சிலவற்றைத் திறக்கும்வரை ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லி உறையில் போட்டிருக்கும், அதையும் ஒருமுறை பாருங்கள். 5 மில்லி குப்பி பெட்டிக்குள் நிற்காது, உருண்டுகொண்டே இருக்கும். அதற்குத் தனியாக ஒரு சின்னப் பை மாதிரி உள்ளே தைக்க முடியுமா? நின்றபடி இருந்தால் கசியாது. அப்பாவுக்கும் எங்கே என்று தெரியும்.

லாச்சி (டொரண்டோ) பதில்:

தங்கச்சி, நீங்கள் டிராயர் என்கிறதை நாங்கள் லாச்சி என்போம், யாழ்ப்பாணத்துப் பழக்கம். என் மாமியாருக்கும் கண் இதே மாதிரித்தான் இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

மூன்று பெட்டியையும் ஒரே துணியில் தைக்க வேண்டாம். நிறம் மாற்றினால் போதும் என்று நானும் முதலில் நினைத்து மஞ்சள், நீலம் என்று தைத்துக் கொடுத்தேன். இரவில் விளக்குப் போடாமல் கை விடுகிறவருக்கு நிறத்தால் என்ன பயன்? அவ விரலால் தடவித்தான் எடுப்பா. பிறகு விளிம்பில், கை முதலில் படுகிற முன்பக்கத்தில், வேறு வேறு துணி வைத்துத் தைத்தேன். ஒன்றுக்குக் கோடு கோடாக இருக்கிற கார்டுராய், ஒன்றுக்கு வழுவழு சாட்டின், மற்றதுக்குச் சாக்குத் துணி. பொத்தானும் வைத்துப் பார்த்தேன், ஒன்று, இரண்டு, மூன்று என்று. ஆனால் எண்ணுவதற்கு நேரம் எடுக்குது, துணியென்றால் தொட்டவுடனே தெரிந்துவிடும். எந்தத் துணி எதற்கு என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அப்பாவின் கையில் துண்டுகளைக் கொடுத்து அவரையே சொல்ல விடுங்கள்.

பெட்டிகளின் வரிசையை எக்காரணம் கொண்டும் மாற்ற வேண்டாம். துவைத்துக் காயப்போட்டால் பழைய இடத்திலேயே வைக்கவேணும்.

நூல்கண்டு:

இவ்வளவு பேர் இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இப்போதுதான் டேப் வைத்துப் பார்த்தேன். முன்னால் 16, நடுவில் 15⅞, பின்னால் சரியாக 15¾! அக்கா, எப்படிச் சொன்னீர்கள் என்று தெரியவில்லை. மேலே குறுக்குச்சட்டம் இருப்பதால் உயரம் நான்குதான் கிடைக்கிறது, மூன்றரை பொருத்தம்.

பரணில் ஜமுக்காளம் இருக்கிறது. ஆனால் ஒரு ஓரம் எலி கடித்திருப்பதால் இரண்டு பெட்டிக்குத்தான் வரும். மூன்றாவதற்கு அரிசி மூட்டைச் சாக்கை நடுவில் வைத்து மேலே வேறு துணி தைக்கலாமா? 25 கிலோ பை, பிளாஸ்டிக் நார் மாதிரி நெய்தது. தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாதே என்று தோன்றியது.

காவிரிக்கரை:

தாராளமாக வைக்கலாம், நானே வைப்பதுண்டு. தைத்தபின் இஸ்திரிப் பெட்டியை மட்டும் அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பருத்திச் சூட்டில் அது உருகிச் சுருண்டு துணியோடு ஒட்டிவிடும். வெளித்துணியையும் லைனிங்கையும் முதலிலேயே இஸ்திரி போட்டுக்கொண்டு, சாக்கை வெளித்துணிக்குப் பின்னால் வைத்துக் குறுக்குநெடுக்காக நாலு கோடு தைத்துப் பிடித்துவிடுங்கள், அப்போதுதான் நகராது. சாக்கைச் சுற்றிலும் அரை இன்ச் குறைத்து வெட்டுங்கள், தையல் மடிப்புக்குள் அது வரக் கூடாது. வெளித்துணிக்குப் பழைய ஜீன்ஸ் பேன்ட் கால் இருந்தால் பாருங்கள். ஜமுக்காளத்துக்கு ஈடாக நிற்கும். அதற்கு 16 ஊசி போதும்.

குப்பிக்குப் பை கேட்டாரே அண்ணன், அதை லைனிங் பெட்டியாகத் தைக்கும் முன்பே வைத்துவிட வேண்டும். லைனிங் துண்டு மேசையில் விரிந்து கிடக்கும்போது பக்கச் சுவரில் மூன்று இன்ச் அகலப் பட்டை ஒன்றை வைத்து, குப்பியின் சுற்றளவுக்குத் தளர்வு விட்டு, இடையிடையே நெட்டாகத் தையுங்கள். பெட்டி ஆனபின் கையை விட்டுத் தைக்க முடியாது.

நூல்கண்டு (பதினேழு நாள் கழித்து):

மூன்றும் முடிந்தது. விவரமாக எழுதுகிறேன், எனக்குப் பின்னால் வருகிறவருக்கு உதவும்.

முதல் ஜமுக்காளப் பெட்டியில் அக்கா சொன்னபடி கோட்டை ஒட்டி இரண்டு ஓட்டம் தைத்துத்தான் வெட்டினேன். ஆனால் மூலைச் சதுரத்தின் உள்முனையில் தையலை நிறுத்தாமல் நேராக ஓட்டிவிட்டு, அதைப் பிரிக்கப் போய் நூல் நழுவி ஒரு மூலை பலவீனமாகிவிட்டது. அங்கே உள்ளே ஒரு சின்னத் துண்டு வைத்துத் தைத்துச் சமாளித்தேன். இரண்டாவதில் உள்முனையில் ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்து, துணியைத் திருப்பி, பிறகு ஓட்டினேன். நன்றாக வந்தது. 18 ஊசியில் ஒரு தையல்கூட விடவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார், "இந்த மெஷினில் ஜமுக்காளம் ஓடும்னு எனக்கே தெரியாதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சுத்தியல் வேலை அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. மூலையை நான் பிடித்துக்கொள்ள அவர்தான் தட்டினார், விரலால் தடவித் தடவி, "இன்னும் மேடா இருக்கு" என்று சொல்லித் தட்டினார். எனக்குத் தட்டையாகத் தெரிந்த இடத்தில் அவர் விரலுக்கு மேடு தெரிந்தது.

விளிம்புத் துணிக்கு ஏழெட்டுத் துண்டு கொடுத்தேன். காலைக்கு கார்டுராயை எடுத்தார். மதியத்துக்கு ஒன்றும் வைக்க வேண்டாம், ஜமுக்காளமே தெரிகிறது என்றார். இரவுப் பெட்டி ஜீன்ஸில் தைத்தது. அதற்குக் கடைசிவரை ஒன்றும் பிடிக்காமல், எழுந்து போய் அலமாரியிலிருந்து தன் கல்யாணப் பட்டு வேட்டியை எடுத்து வந்தார். மடிப்பில் மடிப்பாக இற்றுப்போன வேட்டி. "கரை நல்லாத்தானே இருக்கு, இதை வை" என்றார். வைத்தேன். சரிகை நூல் நெருடும் என்பதால் வெட்டிய முனையை இரண்டு முறை மடித்து உள்ளே தள்ளிக் கைத்தையல் போட்டேன். அதை மட்டும் மெஷினில் தைக்க மனம் வரவில்லை.

சொட்டு மருந்துக் குப்பி நிற்கிற பையில் ஒரு குறை. முதலில் இறுக்கமாகத் தைத்துவிட்டேன், குப்பியை எடுத்தால் பெட்டியே கூட வந்தது. பிரித்து அரை இன்ச் தளர்வு கொடுத்தபின் சரியாகிவிட்டது. ஒரு முறை துவைத்தும் பார்த்தேன், சுவர் அப்படியே நிற்கிறது. தாம்பூலப் பை லைனிங்கில் அச்சடித்த பக்கம் உள்ளே மறைந்துவிட்டது, வெறும் மஞ்சள்தான் தெரிகிறது.

நேற்று இரவு ஒன்பதரைக்கு வாசலில் நின்று பார்த்தேன். விளக்குப் போடவில்லை. டிராயரை இழுத்தார், சத்தமில்லை. கை முதலில் கார்டுராயில் பட்டது, அதைத் தாண்டி ஜமுக்காளம், அதையும் தாண்டிக் கரையில் நின்றது. குப்பியை எடுத்துக்கொண்டார்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. துவைக்க எடுக்கும்போது பிடித்துத் தூக்க ஒரு வார் வைக்கலாம் என்று நினைக்கிறேன். பக்கவாட்டில் வைப்பதா, முன்னாலா?

காவிரிக்கரை:

பக்கவாட்டில் வேண்டாம், மூன்று பெட்டியும் ஒட்டி நிற்கிறது, விரல் போகாது. முன்னால் வைத்தால் அப்பா தடவுகிற விளிம்பில் குறுக்கே நிற்கும். பின்னால் வையுங்கள். நாலு இன்ச் நாடா போதும், விளிம்புத் தையலைப் பின்பக்கம் மட்டும் இரண்டு இன்ச் பிரித்து, நாடாவின் இரண்டு முனையையும் உள்ளே செருகி, மேலே இரண்டு ஓட்டம் தைத்துவிடுங்கள். டிராயரை முழுசாக வெளியே இழுத்தால்தான் கைக்கு எட்டும், அது துவைக்கிறவருக்கு மட்டும்தானே தேவை.